எதுக்களிக்கும் குழாய்கள்

ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டாவை சால்னாவில் முக்கி அடிச்சுட்டு உடனே படுத்தால் என்ன ஆகும்? உள்ளே போன சமாசாரம் புளிச்ச ருசியோட தொண்டை வரைக்கும் திரும்பி வரும். நம்ம ஊர்ல இதுக்கு 'எதுக்களிக்கிறது'ன்னு பேரு. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கு. அது உள்ளே விடும், வெளியே விடாது. அந்த வாட்ச்மேன் தூங்கிட்டா எதுக்களிப்பு.

இதே வியாதி தண்ணீர்க் குழாய்களுக்கும் வரும். பிளம்பிங் புத்தகங்களில் இதை பேக்ஃப்ளோ என்கிறார்கள். வீட்டுக்குள்ளே வர வேண்டிய தண்ணி, வீட்டுல இருக்கிற அழுக்கையும் சேர்த்துக்கிட்டு தெருக் குழாய்க்குத் திரும்பிப் போறது. எனக்கு எதுக்களிச்சா எனக்கு மட்டும்தான் நெஞ்சு எரியும். குழாய் எதுக்களிச்சா தெருவுக்கே வயித்தால போகும்.

நான் இருப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். வேலை ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், யுடிலிட்டி டிபார்ட்மென்ட். அதாவது தண்ணி, கம்ப்ரஸ்டு ஏர், பாய்லர், கூலிங் டவர் இதெல்லாம் எங்க தலையில். குழாய்களோட குடும்பம் நடத்துறவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு கொஞ்சம் பைத்தியம் உண்டு. பதிவு நீளம், ஒரு டீயோட உட்காருங்க. (தண்ணி கொதிச்சதுதானே?) :-)

தண்ணி ஏன் பின்னாடி போகுது?

குழாய்க்குத் திசை கிடையாது. அம்புக்குறி நாம வரைஞ்சது. அழுத்தம் எந்தப் பக்கம் குறைச்சலோ அந்தப் பக்கம் தண்ணி போகும், அவ்வளவுதான்.

ரேஷன் மண்ணெண்ணெய் காலத்தில், டின்னிலிருந்து கேனுக்கு மாத்த ஒரு ட்யூப்பை உள்ளே விட்டு வாயால ஒரு இழுப்பு இழுப்பாங்க. அப்புறம் தானாகவே இறங்கிக்கிட்டே இருக்கும். இப்போ அதே காட்சியை ஒரு மூணு மாடி வீட்டில் வச்சுப் பாருங்க. மாடியில் ஒருத்தர் துணி ஊறவச்ச பக்கெட்டுக்குள்ள ஹோஸை முக்கி வச்சுட்டு குழாயைத் திறந்து விட்டிருக்கார். தண்ணி நேரா தெரு லைன்லேர்ந்து வருது. திடீர்னு தெருவில் பைப் உடைஞ்சு அழுத்தம் போயிடுச்சு. குழாயில் நின்ன தண்ணி கீழே இறங்கும், இறங்கும்போது பக்கெட் தண்ணியையும் சேர்த்து இழுக்கும். சோப்புத்தண்ணி தெரு லைனுக்குப் போயாச்சு. யாரும் வாய் வச்சு உறிஞ்ச வேண்டாம், புவியீர்ப்பும் காற்றழுத்தமும் பார்த்துக்கும்.

இது உறிஞ்சல். இன்னொரு வகை தள்ளல். பாய்லர், பம்ப், உயரத்தில் இருக்கும் டேங்க் இவற்றில் ஏதோ ஒன்றின் அழுத்தம் தெரு லைனைவிட அதிகமாக இருந்து, நடுவில் தடுப்பும் இல்லைன்னா, அந்தப் பக்கத் தண்ணி இந்தப் பக்கம் தள்ளப்படும். எந்த பேக்ஃப்ளோ கதையை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஹார்வி படிச்ச காலேஜ்

1873ஆம் வருஷம், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ். ராமானுஜன் பின்னாளில் போய்ச் சேர்ந்த டிரினிட்டிக்குப் பக்கத்துக் காலேஜ் கான்வில் அண்டு கேயஸ். (எழுதுறது அப்படி, சொல்றது 'கீஸ்'. வெள்ளைக்காரன் நம்மளை உச்சரிப்புக்குக் கிண்டல் பண்றான்!) அந்த இலையுதிர் பருவத்தில் அங்கே மாணவர்களுக்கு டைஃபாய்டு வந்தது. பெரும்பாலும் 'ட்ரீ கோர்ட்' என்ற ஒரே கட்டடத்தில். ஊரில் அப்படி ஒன்றும் பெரிசா ஜுரம் இல்லை.

ஆச்சரியம் என்னன்னா, ட்ரீ கோர்ட் பழைய இடிஞ்ச கட்டடம் இல்லை. கட்டி நாலைஞ்சு வருஷம்கூட ஆகாத புத்தம்புதுக் கட்டடம். அந்தக் காலத்து நவீன வசதியான வாட்டர் கிளாசட் எல்லாம் உண்டு. விசாரிக்க அரசாங்கம் ஜார்ஜ் புக்கானன் என்ற மருத்துவரை அனுப்பியது. பால், சாக்கடை, சாப்பாடு எனக் கிடைக்கிற எல்லாத்தையும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் தண்ணீர்க் குழாயில் வந்து நின்றார். கக்கூஸுக்குப் போன கிளைக்குழாய், நடுவில் தொட்டி எதுவும் இல்லாமல் குடிதண்ணீர்க் குழாயோடு சேர்ந்திருந்தது. அந்தப் பருவத்தில் ஊரின் நீர் வழங்கல் இடையில் நின்றிருந்தது. நின்ற நேரத்தில் குழாய் காலியாகி, கக்கூஸ் பக்கத்திலிருந்து உள்ளே உறிஞ்சியிருக்கு. தண்ணி திரும்ப வந்ததும் அதே குழாயிலிருந்து மாணவர்கள் குடிச்சாங்க.

டைஃபாய்டு கிருமியை யாரும் இன்னும் கண்ணால் பார்த்திராத காலம் அது. கிருமி தெரியாமலேயே, குழாய் எப்படி ஓடுது, அழுத்தம் எப்போ போச்சு என்பதை மட்டும் வச்சு அந்த மனுஷன் இதைக் கண்டுபிடிச்சார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். இந்தக் காலேஜின் பழைய மாணவர்களில் ஒருத்தர் வில்லியம் ஹார்வி. 1593ல் அங்கே சேர்ந்தவர். அப்புறம் இத்தாலியில் படுவா போய் ஃபாப்ரிசியஸிடம் படித்தார். ரத்தக்குழாய்களுக்குள் சின்னச் சின்ன கதவு மாதிரி வால்வுகள் இருப்பதை ஃபாப்ரிசியஸ் 1603ல் புத்தகமாகவே போட்டார். ஆனால் ரத்தம் கைகால் பக்கம் ரொம்ப வேகமாப் போகாமல் தடுக்கும் மடைன்னு நினைச்சார். ஹார்விதான், இது வேகத்தடை இல்லை, ஒருவழிக் கதவு, சிரையில் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டும்தான் போக முடியும் என்று புரிந்துகொண்டு, 1628ல் ரத்த ஓட்டத்தைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். ரத்தம் சுற்றி வருகிறது என்ற யோசனையே அந்த வால்வுகளைப் பார்த்துத்தான் தோன்றியது என்று ராபர்ட் பாயிலிடம் சொல்லியிருக்கிறார்.

உடம்புக்குள்ளே இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைப் புரிஞ்சுக்கிட்ட மனுஷன் படிச்ச காலேஜில், 280 வருஷம் கழிச்சு, சுவத்துக்குள்ளே அது இல்லாததால் பசங்க ஜுரத்தில் படுத்தாங்க.

ஃப்ளஷ் டேங்க் எதுக்கு?

கக்கூஸில் தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலேயோ ஒரு தொட்டி இருக்கே, அது எதுக்குன்னு கேட்டா "ஒரே தடவையில் வேகமா தண்ணி விட"ன்னு சொல்வீங்க. சரிதான். ஆனா பாதி பதில்தான்.

லண்டனில் 1871ல் ஒரு தண்ணீர்ச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1872ல் வந்த ஒழுங்குமுறைகள், கம்பெனிக் குழாய் கக்கூஸோடு நேரடியாகச் சேரக்கூடாது, நடுவில் ஒரு தொட்டி இருந்தே ஆகணும் என்றன. ஒண்ணு, தண்ணி வீணாகக் கூடாது. இன்னொண்ணு, அசுத்தம் திரும்பக் கூடாது. தொட்டிக்குள் தண்ணி மேலேயிருந்து விழும். குழாய் வாய்க்கும் தண்ணி மட்டத்துக்கும் நடுவில் வெறும் காற்று. எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். கேம்பிரிட்ஜ் லண்டனுக்கு வெளியே இருந்ததால் அந்த விதி அங்கே செல்லாது. ஒரு வருஷ வித்தியாசம், 80 கிலோமீட்டர் தூரம்.

அந்தக் காற்று இடைவெளிதான் இன்னைக்கு வரைக்கும் உலகத்தில் இருக்கிற ஆகச்சிறந்த பேக்ஃப்ளோ தடுப்பு. அதுக்கு ஸ்ப்ரிங் கிடையாது, வாஷர் கிடையாது, ரிப்பேர் கிடையாது. விலையும் கிடையாது. பொது விதி: குழாய் வாய், தொட்டி விளிம்புக்கு மேலே குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்திலாவது, எப்படியும் ஒரு இஞ்சுக்குக் குறையாமல் இருக்கணும்.

அப்புறமும் பாடம் படிக்க மறந்த ஊர்கள் உண்டு. 1933ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் இரண்டு பெரிய ஹோட்டல்களில் தங்கியது. பழைய குழாய்கள், குடிநீரும் கழிவும் சந்திக்கும் தப்பான இணைப்புகள், ஒழுகல். அமீபா சீதபேதி பரவி 98 பேர் செத்தார்கள். விருந்தாளிகள் அவங்கவங்க ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வியாதி தெரிஞ்சது. சில டாக்டர்கள் குடல்வால் பிரச்சினைன்னு நினைச்சு வயித்தைக் கிழிச்சதும் நடந்தது. அமெரிக்காவில் பிளம்பிங் சட்டங்களைப் பற்றி யார் பேசினாலும் இந்த ஹோட்டல் கதை வரும்.

ஆறே எதுக்களித்த வருஷம்

வெளிநாட்டுக் கதையே சொல்றானேன்னு நினைக்காதீங்க. இதில் நம்ம நாட்டுக் கதை ஒண்ணு உலகப் புகழ் பெற்றது.

டெல்லி, 1955. யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடம் வஜீராபாத். நகரத்துக் கழிவைக் கொண்டுவரும் நஜஃப்கர் வாய்க்கால் அதுக்குக் கீழே, ஆறு போகும் திசையில், கலக்கிறது. மேலே எடுத்துக்கோ, கீழே விட்டுக்கோ. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் மழைக்காலம் முடியும்போது பெரிய வெள்ளம். வெள்ளம் வடிஞ்சப்போ ஆறு தன் போக்கை மாத்திக்கிட்டு கரையை விட்டு விலகிப்போச்சு. வாய்க்கால் தண்ணி ஆற்றோடு கீழே போகாமல், மேலே குடிநீர் எடுக்கும் இடத்துக்கே ஏறி வந்தது.

நீரேற்று நிலையத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிப் போட்டார்கள். பலனும் இருந்தது, டைஃபாய்டோ வயிற்றுக்கடுப்போ பெரிய அளவில் கிளம்பவில்லை. ஆனால் அந்த குளோரினுக்கு அடங்காத ஒரு வைரஸ் தப்பிச்சு வந்தது. டிசம்பரில் மஞ்சள் காமாலை ஆரம்பிச்சு ஜனவரி 1956 வரை ஊரை ஆட்டியது. கண்ணும் தோலும் மஞ்சளானவர்கள் மட்டும் சுமார் 29,300 பேர். கர்ப்பிணிகளை அது ரொம்ப மோசமாகத் தாக்கியது.

அப்போ அதை சாதாரணத் தொற்றுக் காமாலைன்னுதான் நினைச்சாங்க. பத்திரமா எடுத்து வச்சிருந்த ரத்த மாதிரிகளை 1980 வாக்கில் மறுபடி சோதிச்சப்போதான், இது ஹெபடைடிஸ் ஏ இல்லை, வேற ஏதோ என்று தெரிஞ்சது. 1983ல் மிகயீல் பலயான் என்ற ரஷ்ய ஆராய்ச்சியாளர், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே குடிச்சு, தானே காமாலையில் விழுந்து, அந்தப் புது வைரஸைக் கண்டுபிடிச்சார். (இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் நான் மாட்டேன் சாமி.) இன்னைக்கு அதன் பெயர் ஹெபடைடிஸ் ஈ.

டெல்லியில் எந்த வால்வும் தப்பு செய்யல. அங்கே திசை மாறியது ஆறு. ஆனா அடிப்படைத் தப்பு அதேதான்: தண்ணி எப்பவும் ஒரே பக்கம்தான் போகும் என்ற நம்பிக்கை.

பள்ளத்துக் குழாயும் அடிபம்பும்

இப்போ மெட்ராஸுக்கு வருவோம். செங்குன்றம் ஏரித் தண்ணி 1872ல் மெட்ராஸுக்கு வர ஆரம்பிச்சது. கால்வாயில் திறந்தபடி வந்து, வடிகட்டாமலேயே வீடுகளுக்குப் போனது. 1914ல் மேட்லி என்ற இன்ஜினியர் காலத்தில்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன. (தி.நகர் மேட்லி ரோடு, மேட்லி சப்வே எல்லாம் அவர் பேர்தான்.) வடிகட்டி வந்தாச்சு, குளோரின் வந்தாச்சு. ஆனா ஊர் பெருத்ததில், 24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் என்பது மட்டும் வரவே இல்லை.

அழுத்தம் இல்லாத ஊரில் ஜனங்க என்ன செய்வாங்க? சென்னையில் எண்பதுகள், தொண்ணூறுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, அதுக்குள்ளே குழாயை இறக்கி வச்சிருப்பாங்க. மேலே ஏறாத தண்ணி பள்ளத்தில் சொட்டும். அதுக்கும் வரலைன்னா கார்ப்பரேஷன் லைன்லயே ஒரு அடிபம்பு. விடிகாலை நாலு மணிக்கு தெரு முழுக்க 'டொக்கு டொக்கு' சத்தம். அதுக்கும் மேலே, லைன்ல நேரா மோட்டார். மோட்டார் போடக்கூடாதுன்னு விதி இருக்கு. விதி இருக்கு என்பதோட நிறுத்திக்கறேன்.

யாரையும் குத்தம் சொல்லல. தண்ணி வேணும்னா அடிச்சுத்தான் ஆகணும். ஆனா குழாயோட கண்ணுல இருந்து பாருங்க. காலியா இருக்கிற லைனை பம்ப் வச்சு உறிஞ்சினா, வழியில் எங்கெல்லாம் ஓட்டையோ, எங்கெல்லாம் ஜாயின்ட் லூஸோ, அங்கெல்லாம் வெளியில் இருப்பது உள்ளே வரும். பக்கத்திலேயே சாக்கடை லைன் போகும். மழை பெய்தால் பள்ளம் ரொம்பி குழாய் வாய் முழுகிக் கிடக்கும். அந்த நேரம் லைனில் அழுத்தம் போனால்?

இதுக்கு விடை அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் டீம் கொடுத்தது. 1969 ஆகஸ்ட், மாசசூசெட்ஸில் ஹோலி கிராஸ் காலேஜ். மைதானத்துக்குத் தண்ணி தெளிக்க, நம்ம வாசல் பள்ளம் மாதிரியே தரைமட்டத்துக்குக் கீழே குழிக்குள் குழாய்கள். அந்தக் குழிகளில் விளையாடிய பக்கத்துக் குழந்தைகளில் சிலருக்குக் காமாலைத் தொற்று. ஒரு நாள் ஊருக்குள் தீ விபத்து, தீயணைப்பு வண்டிகள் தண்ணியை இழுக்க, மைதான லைனில் அழுத்தம் விழுந்து, குழித்தண்ணி குழாய்க்குள் போச்சு. பயிற்சி முடிந்து அந்த லைனில் தண்ணி குடிச்ச டீமில் 97 பேரில் 90 பேருக்குத் தொற்று. இரண்டு மேட்ச் ஆடி, சீசனையே ரத்து பண்ணிட்டாங்க. நம்ம தெருவில் இதே மாதிரி நடந்தா யாரும் விசாரிக்க வர மாட்டாங்க. "சீசன் மாறுதுல்ல, அதான்"னு சொல்லி எலக்ட்ரால் பாக்கெட் வாங்கிட்டு வருவோம்.

கர்நாடகாவில் ஹூப்ளி-தார்வாடில் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரத் தண்ணி கொடுத்தபோது, ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வகைப் பகுதிகளிலும் குழாய்த் தண்ணியைச் சோதிச்சு 2013ல் முடிவை வெளியிட்டார்கள். விட்டு விட்டு வரும் குழாயில் மலக்கிருமி அடையாளங்கள் மிக அதிகம். தொடர்ந்து அழுத்தம் இருக்கும் குழாயில் ரொம்பக் குறைச்சல். நிறைஞ்ச குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணி வெளியே போகும். காலிக் குழாயில் ஓட்டை இருந்தால் அழுக்கு உள்ளே வரும்.

நோக்கியா

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு நோக்கியான்னா ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி. 2006ல் ஆரம்பிச்சு, 2014ல் மூடினது. எத்தனை வீட்டில் முதல் சம்பளம் அங்கேயிருந்து வந்தது! ஆனா நோக்கியா என்பது முதலில் ஒரு ஊர். பின்லாந்தில், ஆத்தங்கரையில். காகிதக்கூழ் மில்லாக ஆரம்பிச்ச அந்தக் கம்பெனி ஊர்ப் பேரை எடுத்துக்கிச்சு.

அந்த நோக்கியா ஊரில் 2007 நவம்பர் கடைசியில் ஒரு சம்பவம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்திகரித்து வெளியேற்றும் தண்ணியின் லைனுக்கும் ஊர்க் குடிநீர் லைனுக்கும் நடுவில் ஒரு இணைப்பு இருந்தது. இருக்கவே கூடாத இணைப்பு. பராமரிப்பு வேலையின்போது அதில் இருந்த வால்வு திறக்கப்பட்டு அப்படியே இருந்துவிட்டது. இரண்டு நாளில் சுமார் 450 கன மீட்டர், அதாவது நாலரை லட்சம் லிட்டர் கழிவுநீர் குடிநீர் லைனுக்குள் போனது. நோய்வாய்ப்பட்டவர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். கேம்பிலோபாக்டர், நோரோவைரஸ், ஜியார்டியான்னு ஒரு கிருமி ஊர்வலமே போனது. தண்ணி மேல் போட்ட கட்டுப்பாடுகள் 2008 பிப்ரவரி வரை நீடித்தன.

உலகத்திலேயே ஒழுங்கான நாடுகளில் ஒண்ணு பின்லாந்து. 24 மணி நேரமும் தண்ணி, நல்ல ஆய்வகங்கள். ஆனாலும் ஒரு கைவால்வு போதுமானதாக இருந்தது. ஏன்னா கைவால்வு ஒரு தடுப்புச் சாதனமே இல்லை. அது ஒரு மனுஷனோட ஞாபகசக்தி.

ஒரகடத்தில் இரண்டு தண்ணி

இதை நான் இவ்வளவு தூரம் எழுதக் காரணம் இருக்கு. 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டது நினைவிருக்கும். அதே வருஷம் கோயம்பேட்டில் ஒரு நிலையம் தொடங்கியது. நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. வரை கொண்டுபோய், நாளுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் திறன். அந்தத் தண்ணி குழாய் வழியா இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வருகிறது. அருமையான திட்டம், சந்தேகமே இல்லை. கார் கழுவவும் கூலிங் டவருக்கும் ஏரித்தண்ணியைக் கொட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு நியாயம். கொடுக்கும் தண்ணியும் சுத்தமானதுதான், ஆனா அது குடிக்கக் கொடுத்த தண்ணி இல்லை.

இதன் அர்த்தம், இந்தத் தொழிற்பேட்டைகளில் ஒரே காம்பவுண்டுக்குள் குடிக்கிற தண்ணி, குடிக்கக் கூடாத தண்ணி என்று இரண்டு லைன் பக்கத்துப் பக்கத்தில் ஓடுது. அதுக்கும் மேலே ரசாயனம் கலந்த கூலிங் டவர், பாய்லர், பெயின்ட் ஷாப் தொட்டிகள், மாதக்கணக்கில் நின்னு நாறும் ஃபயர் லைன். ஒவ்வொன்றும் குடிநீர் லைனோட எங்கேயாவது கைகுலுக்கப் பார்க்கும்.

இரண்டு லைன் ஊர்களுக்கு என்ன ஆகும்னு நெதர்லாந்து பார்த்தாச்சு. யூட்ரெக்ட் பக்கம் ஒரு புதுக் குடியிருப்பில் வீட்டுக்கு இரண்டு குழாய். ஒண்ணு குடிக்க, ஒண்ணு கக்கூஸுக்கும் துணிக்கும். 2001 டிசம்பரில் இரண்டும் தப்பாகச் சேர்ந்துவிட, ஜனங்களுக்கு வயிறு கெட்டது. 2003ல் பெரிய அளவில் வீடுகளுக்கு இரட்டைக் குழாய் வேண்டாம் என்று அந்த அரசாங்கம் முடிவு செய்தது.

தொழிற்சாலைக்குள்ளாவது எங்களை மாதிரி நாலு பேர், ஆடிட், கலர் கோட் என்று ஏதோ இருக்கு. வெளியே? சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வரைக்கும் தொழிலாளர்கள் தங்கும் மாடிக் கட்டடங்கள் முளைச்சுக்கிட்டே இருக்கு. ஒரு அறையில் ஆறு பேர், எட்டு பேர். அப்படி ஒரு கட்டடத்தில் வேலை பார்த்துக்கிட்டிருந்த பிளம்பர் அண்ணன் கிட்ட பேச்சுக் கொடுத்தேன்.

"பஞ்சாயத்து தண்ணி, போர் தண்ணி, டேங்கர் தண்ணி மூணையும் ஒரே லைன்ல சேத்து வால்வு போட்டுட்டேன் சார். எது இல்லாட்டியும் இன்னொண்ணு வரும்."

"அண்ணே, வால்வை மூட மறந்தா போர் மோட்டார் தண்ணி பஞ்சாயத்து லைனுக்குள்ள போயிடாதா? நோக்கியால இப்படித்தான் ஆச்சு."

"நோக்கியாவா? அது மூடி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே சார்!"

சிரிச்சுட்டு, முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஒரு என்.ஆர்.வி. போட்டுடலாமா சார்"னு கேட்டார். நல்ல கேள்வி.

சாதனங்கள், சுருக்கமாக

என்.ஆர்.வி., அதாவது நான்-ரிட்டர்ன் வால்வு: ஹார்வியோட அதே ஒருவழிக் கதவு. மலிவு. ஆனா நம்ம போர் தண்ணியில் உப்பு படியும், ஒரு மணல் துணுக்கு மாட்டினாலும் கதவு முழுசா மூடாது. மூடலைன்னு வெளியில் தெரியவும் தெரியாது. ஒண்ணுக்கு இரண்டா வரிசையில் போட்டால் கொஞ்சம் தேவலை.

வாக்யூம் பிரேக்கர்: குழாயில் அழுத்தம் போன உடனே உள்ளே இருக்கும் மிதவை விழுந்து, காற்று நுழைய வழி விடும். காற்று நுழைஞ்சா உறிஞ்சல் அறுந்துடும். தோட்டத்து ஹோஸுக்கு ஏற்றது. ஆனா தள்ளலைத் தடுக்காது.

ஆர்.பி.இசட்.: இதுதான் பெரியண்ணன். இரண்டு ஒருவழி வால்வு, நடுவில் ஒரு அறை. அந்த அறையில் அழுத்தம் எப்பவும் வரும் லைனைவிடக் குறைவாக இருக்கும்படி அமைப்பு. வால்வு ஏதாவது கெட்டு அறையில் அழுத்தம் ஏறினால், அடியில் ஒரு வாய் திறந்து தண்ணியை வெளியே தரையில் கொட்டிவிடும். கெட்டுப்போனதைத் தானே ஊருக்குச் சொல்லும் சாதனம். பாய்லர், ரசாயனத் தொட்டிக்குப் போகும் லைன்களுக்கு இது. விலை ஜாஸ்தி, வருஷா வருஷம் சோதிக்கணும்.

எல்லாத்துக்கும் மேலே, அந்த 1872 காற்று இடைவெளி. பிளம்பர் அண்ணனுக்கு நான் சொன்னதும் அதுதான். மூணு லைனையும் சேர்க்காதீங்க. மூணையும் தனித்தனியா சம்ப்புக்கு மேலே கொண்டுவந்து, தண்ணி மட்டத்துக்கு மேலே நின்னு விழும்படி விடுங்க. வால்வும் மிச்சம், என்.ஆர்.வி.யும் மிச்சம். "ஓனர் கிட்ட கேக்கணும் சார்"னார். கூடுதலா ரெண்டு லென்த் பைப், நாலு எல்போ. ஓனர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது, அதுக்கப்புறம் அந்த அண்ணனைப் பார்க்கல.

உங்க வீட்டுக்கு ஐந்து நிமிஷ வேலை ஒண்ணு தரேன்.

1. சம்ப் மூடியைத் திறந்து பாருங்க. தெருக்குழாய் தண்ணிக்குள்ளே முழுகி இருக்கா, மேலே நிக்குதா? அழுத்தம் கம்மின்னு நிறைய வீட்டில் அடிவரைக்கும் இறக்கி வச்சிருப்பாங்க. தெரு லைன் காலியானா உங்க சம்ப் தண்ணி தெருவுக்கு நடக்கும்.

2. பாத்ரூம் ஹோஸும் ஹெல்த் ஃபாசெட்டும் பக்கெட்டுக்குள்ளேயோ கோப்பைக்குள்ளேயோ தொங்குதா? எடுத்து மாட்டுங்க. உங்க குழாய் தெரு லைனோட நேரா இருந்தால் ரொம்ப முக்கியம். ஓவர்ஹெட் டேங்க் இருந்தால் தெரு தப்பிக்கும், மாடிவீடும் கீழ்வீடும் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொள்வது மட்டும் நிற்காது.

3. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத்தண்ணி ட்யூபை சாக்கடைக் குழாய்க்குள்ளே அழுத்திச் சொருகியிருந்தால், வெளியே எடுத்து மேலேயிருந்து சொட்டும்படி விடுங்க.

4. லைன்ல நேரா மோட்டார் இருந்தால்... அது உங்க மனசாட்சி. சம்ப்பில் இறக்கி, சம்ப்பிலிருந்து ஏத்துங்க.

அடுத்த பதிவில் பாடலாத்ரி மலையைச் சுற்றின கதையை எழுதறேன், ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி, உங்க தெருவில் பள்ளத்துக் குழாய், லைன்ல மாட்டின அடிபம்பு இன்னும் இருந்தால் எந்த ஏரியான்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. வடசென்னைப் பதிவர்கள் கண்டிப்பா வரணும்.

பி.கு.: பதிவைப் படிச்சுட்டு பரோட்டாவைத் திட்ட வேண்டாம். தப்பு பரோட்டா மேலே இல்லை, படுத்த நேரத்து மேலே. :-)